வ்ரோத்ஸ்வாஃபில் படிக்க வருகிறேன், போலந்தை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். அக்டோபரில் முதுகலைப் படிப்புக்காக வ்ரோத்ஸ்வாஃப் வருகிறீர்கள். படிப்பு முடிவதற்குள் எந்த ஊர்களை எந்த வரிசையில் பார்க்கலாம், கோடையில் ஒரு வாரம் வரப்போகும் பெற்றோருக்கு எதைக் காட்டலாம் என்று தெரிய வேண்டும். கூடவே, ஏற்கெனவே போய்வந்த நண்பர் ஒருவர், கிராக்கோவ் மட்டும்தான் உண்மையான பழைய நகரம், வார்சாவும் மற்றவையும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு போட்ட சினிமா செட்டு மாதிரி என்று சொல்லியிருக்கிறார். அது சரியா என்றும் கேட்கிறீர்கள். ஊர்ப் பட்டியல் எந்தப் பயணக் கையேட்டிலும் கிடைக்கும். உங்கள் கேள்வியில் உண்மையிலேயே பதில் வேண்டி நிற்பது நண்பர் சொன்ன அந்தச் செய்திதான். நான் பழங்கட்டடப் பாதுகாப்பு படித்தவன். பல ஆண்டுகளாக இந்த ஊரிலேயே அந்த வேலையைச் செய்கிறேன். புதிதாக வரும் மாணவர்களை விடுமுறை நாள்களில் தெருத் தெருவாக அழைத்துப்போய்க் காட்டும் வழக்கமும் உண்டு. ஆகவே கட்டடங்களையும் நகரங்களையும் பற்றிச் சொல்கிறேன். விசா, வாடகை, பகுதிநேர வேலை ஆகியவற்றை அதில் அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் வார்சா. 1944 ஆகஸ்ட் 1 அன்று மாலை 5 மணிக்கு ஜெர்மானிய ஆக்கிரமிப்புக்கு எதிராக நகரம் எழுந்தது. 63 நாள் சண்டைக்குப் பிறகு எழுச்சி ஒடுக்கப்பட்டது. அதன் பின் நடந்ததுதான் மற்ற நகரங்களின் அழிவிலிருந்து வார்சாவைப் பிரிக்கிறது. மக்களை வெளியேற்றிவிட்டு, சண்டை ஓய்ந்த நகரத்தைத் தீவைப்புக்கும் வெடிவைப்புக்கும் என்றே அமைத்த படைப்பிரிவுகள் கட்டடம் கட்டடமாக அழித்தன. நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் எரிக்கப்பட்டன. அரண்மனையின் சுவர்களில் முன்பே துளையிட்டு வைத்திருந்தார்கள், அதில் வெடிமருந்தை நிரப்பித் தகர்த்தார்கள். விஸ்துலா ஆற்றின் இடது கரையில் 80 சதவீதத்துக்கும் மேல் இடிபாடாகக் கிடந்தது. இது தற்செயலாக விழுந்த குண்டுகளின் விளைவு கிடையாது. ஒரு நாட்டின் தலைநகரை நினைவிலிருந்தே அகற்றும் முயற்சி.

இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் மறுகட்டுமானத்தின் பொருள் விளங்கும். போருக்கு முன்பும் ஆக்கிரமிப்புக் காலத்திலும் வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை ஆசிரியர்களும் மாணவர்களும் பழைய வீடுகளை அளந்து வரைந்திருந்தார்கள். எழுச்சி தோற்ற பிறகு அந்த வரைபடங்களை நகருக்கு வெளியே கடத்திச் சென்று, பியோத்ர்கூஃப் நகரிலுள்ள ஒரு மடாலயத்தில் ஒளித்துவைத்தார்கள். போருக்குப் பிறகு யான் சக்வாதோவிச் என்ற கட்டடக்கலைப் பேராசிரியர் தலைமையில் நடந்த பணிக்கு அவைதான் அடிப்படை. 18ஆம் நூற்றாண்டில் அரசவை ஓவியராக இருந்த பெர்னார்டோ பெலோட்டோ வரைந்த தெருக்காட்சிகளும் உதவின. பழைய நகரின் சந்தைச் சதுக்கம் 1953 ஜூலையில் திறக்கப்பட்டது. 1980இல் யுனெஸ்கோ பழைய வார்சாவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, ஒரு நகரமே ஏறக்குறைய முழுமையாகத் திரும்பக் கட்டப்பட்டது என்பதைத்தான் சிறப்பாகச் சொன்னது. அதன் பழமைக்காக மட்டும் கிடைத்த இடமன்று அது. ஆகவே உங்கள் நண்பர் பார்த்தது சரி, எடுத்த முடிவு தவறு. சுவர்கள் புதியவை. அந்தச் சுவர்களைத் திரும்ப எழுப்பியே தீருவது என்று வீடு வாசல் இழந்த மக்கள் எடுத்த முடிவுதான் அங்கே நாம் காண வேண்டிய மரபு.

ஆனால் வழிகாட்டிகள் சிலர் சொல்வதுபோல, முன்பு இருந்தபடியே அச்சு மாறாமல் கட்டிவிட்டார்கள் என்பதும் உண்மையில்லை. பெலோட்டோ தன் ஓவியங்களில் கட்டடங்களைச் சில இடங்களில் அழகுபடுத்தி வரைந்தவர். அந்த மெருகும் சேர்ந்தே சில முகப்புகளில் ஏறிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் மேலே ஏற்றிய மாடிகளையும், பின்கட்டில் நெருக்கியடித்துக் கட்டிய வீடுகளையும் வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். முகப்புக்குப் பின்னால் இருப்பவை 1950களின் அடுக்குமாடி வீடுகள். அரண்மனையின் கதை இன்னும் நீண்டது. கம்யூனிச அரசு பல ஆண்டுகள் அதைக் கட்டாமல் தள்ளிப்போட்டு, 1971இல்தான் முடிவெடுத்தது. பொதுமக்கள் தந்த நன்கொடையால் எழுந்து, 1984இல் பார்வையாளர்களுக்குத் திறந்தது. உள்ளே போனால் சுவர்களில் பதித்திருக்கும் பழைய கல் துண்டுகளைக் கவனியுங்கள். இடிபாட்டில் பொறுக்கி எடுத்தவற்றை அவை இருந்த இடத்திலேயே வைத்துச் சுற்றிலும் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள்; நிறமும் தேய்மானமும் வேறுபட்டுத் தெரியும்.

இப்போது உங்கள் ஊருக்கு வருகிறேன், ஏனென்றால் வார்சாவைக் கட்டிய செங்கல்லில் ஒரு பகுதி இங்கிருந்து போனது. 1945 வரை வ்ரோத்ஸ்வாஃபின் பெயர் பிரெஸ்லாவ். 6 லட்சத்துக்கும் அதிகமான மக்கள், ஏறத்தாழ எல்லாரும் ஜெர்மானியர்கள். போரின் கடைசி மாதங்களில் ஹிட்லரின் ஆட்சி இந்நகரைக் கோட்டையாக அறிவித்தது. பெப்ரவரி முதல் மே 6 வரை நீடித்த முற்றுகையில் நகரம் பெரும்பகுதி நாசமானது. பிறகு எல்லைகள் மேற்கே நகர்த்தப்பட்டன. ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். போலந்தின் பல பகுதிகளிலிருந்தும், போலந்து இழந்த கிழக்கு மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வந்து குடியேறினார்கள். சில ஆண்டுகளுக்குள் ஒரு பெருநகரத்தின் மக்கள்தொகை முழுவதுமாக மாறியது. புதிதாக வந்தவர்களுக்கு ஜெர்மானியர்கள் எந்நாளும் திரும்பி வந்துவிடலாம் என்ற பயம் வெகுகாலம் இருந்தது. பெட்டியைப் பிரிக்காமலே வாழ்ந்தோம் என்று சொல்லும் முதியவர்களை நீங்களும் சந்திப்பீர்கள். அந்த நிலையில்தான் இங்கிருந்து பல கோடிச் செங்கற்கள் பிரிக்கப்பட்டுத் தலைநகருக்கு ரயிலேறின. இடிபாட்டிலிருந்து மட்டுமல்லாமல், காப்பாற்றியிருக்கக்கூடிய கட்டடங்களையும் இடித்து எடுத்தார்கள். கட்டடப் பாதுகாப்புக்காரன் என்ற முறையில் இதை என்னால் எளிதாகக் கடந்து போக முடிவதில்லை.

நகரச் சதுக்கத்துக்கு நீங்கள் முதல் நாளே போய்விடுவீர்கள். நகர மன்றக் கட்டடத்துக்கு எதிரே நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒரு வெண்கலச் சிலை இருக்கும். கையில் இறகுப் பேனா. அது நகைச்சுவை நாடகங்கள் எழுதிய அலெக்சாண்டர் ஃப்ரெட்ரோ. அவருக்கும் இந்த ஊருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சிலை 1897இல் லிவீவ் நகரில், அதாவது இன்றைய உக்ரைனில், நிறுவப்பட்டது. போருக்குப் பின் போலந்துக்குக் கொண்டுவரப்பட்டு 1956இல் இங்கே வைக்கப்பட்டது. அதற்கு முன் அந்த இடத்தில் பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெட்ரிக் வில்லியத்தின் குதிரைச் சிலை நின்றது. ஃப்ரெட்ரோவின் சிலையடியில்தான் இன்றும் நண்பர்கள் சந்திக்க நேரம் குறிக்கிறார்கள். லிவீவிலிருந்து வந்தது சிலை மட்டும் அன்று. ஒசோலினியம் என்ற பெரும் நூலகத்தின் ஒரு பகுதி வந்தது. 1894இல் வரைந்த ரத்ஸ்வாவித்ஸே பனோரமாவும் வந்தது. 15 மீட்டர் உயரம், 114 மீட்டர் நீளம் கொண்ட அந்த ஓவியம் 1794இல் போலந்துத் தளபதி கொஷ்சியுஷ்கோவின் படை, அரிவாள் ஏந்திய உழவர்களோடு சேர்ந்து, ரஷ்யர்களை வென்ற போரைக் காட்டுகிறது. ரஷ்யர்கள் தோற்கும் காட்சியை சோவியத் நிழலில் இருந்த அரசு மக்களுக்குக் காட்டத் தயங்கியது. சுருட்டி வைத்த ஓவியம் 1985இல்தான் வெளியே வந்தது. நடுவில் நின்றால் உங்களைச் சுற்றி வட்டமாக விரியும். தரையில் பரப்பியிருக்கும் உண்மையான மண்ணும் உடைந்த வண்டியும் எங்கே முடிந்து ஓவியம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கச் சற்று நேரமாகும்.

அதே ஊரில் நூற்றாண்டு மண்டபமும் இருக்கிறது. 1913இல் மாக்ஸ் பெர்க் கட்டிய கான்கிரீட் குவிமாடம். நெப்போலியனுக்கு எதிரான போரின் நூற்றாண்டு நினைவாக ஜெர்மன் பேரரசின் காலத்தில் எழுந்தது. 2006இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதைப் பட்டியலுக்கு முன்மொழிந்தது போலந்து என்பதைக் கவனியுங்கள். வேறொரு மக்கள் கட்டியதைத் தங்கள் பொறுப்பாக ஏற்கும் மனநிலைக்கு வர இந்த நகரத்துக்கு அரை நூற்றாண்டு ஆனது. கம்யூனிச காலத்தில் இந்நகரம் ஆதியிலிருந்தே போலந்துடையது, தாய்நாட்டுக்குத் திரும்பிவிட்டது என்று பாடம் நடத்தினார்கள். அது பாதி உண்மை. 1000ஆம் ஆண்டில் இங்கே மறைமாவட்டம் அமைந்தது பியாஸ்ட் என்ற போலந்து அரச மரபின் ஆட்சியில். ஆனால் 14ஆம் நூற்றாண்டிலிருந்து பொஹீமியா, அதன் பின் ஹாப்ஸ்பர்க், பிறகு பிரஷ்யா என்று கை மாறிக்கொண்டே இருந்தது. இவை ஆவணமுள்ள செய்திகள். 1997 ஜூலை வெள்ளத்தில் மக்கள் தாங்களே மணல்மூட்டை அடுக்கிப் பழைய நகரையும் ஒசோலினியத்தையும் காத்தார்கள்; அன்றுதான் இது எங்கள் ஊர் என்ற உணர்வு வந்தது என்று பலர் சொல்வார்கள். அப்படியோர் உணர்வை அளந்து நிரூபிக்க வழியில்லை. இங்கே வாழ்ந்த அளவில் எனக்கு அது சரியென்றே படுகிறது.

தெருவெங்கும் காணப்போகும் சிறிய வெண்கலக் குள்ளர்களைச் சுற்றுலாப் பொம்மை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1980களில் அரசை எதிர்த்து இரவில் எழுதப்பட்ட சுவர் வாசகங்களைப் போலீஸ் வெள்ளையடித்து மறைக்கும். ஆரஞ்சு மாற்று என்ற இளைஞர் குழு அந்த வெள்ளைத் திட்டின் மேல் குள்ளர்களை வரைந்துவிட்டுப் போகும். குள்ளனை வரைந்ததற்காக ஒருவரைக் கைது செய்தால் அரசுதான் நகைப்புக்கு இடமாகும். அந்தத் துணிச்சலின் நினைவாகத்தான் முதல் குள்ளன் 2001இல் ஷ்விட்னித்ஸ்கா தெருவில் நின்றான். மற்றவை நகர விளம்பரத்துக்காகப் பின்னால் வந்தவை.

நண்பர் புகழ்ந்த கிராக்கோவுக்கு வருவோம். அங்கே கட்டடங்கள் தப்பின, அது உண்மை. வாவெல் குன்றின் அரண்மனையும் அரசர்கள் உறங்கும் பேராலயமும், 1257இல் அளந்து வகுத்த மாபெரும் சதுக்கமும், 1364இல் மன்னர் மூன்றாம் காசிமிர் நிறுவிய பல்கலைக்கழகமும் கண்ணெதிரே இருக்கின்றன. அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் கோப்பர்நிக்கஸ். ஆனால் கிராக்கோவ் போலந்துக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் காரணம் அதன் வயது மட்டும் அன்று. 1772, 1793, 1795 என்று மூன்று முறை ரஷ்யாவும் பிரஷ்யாவும், 1793 நீங்கலாக ஆஸ்திரியாவும், போலந்தைப் பங்கு போட்டுக்கொண்டன. 123 ஆண்டுகள் உலக வரைபடத்தில் போலந்து என்ற நாடே இல்லை. அரசு இல்லாத மக்களுக்கு மொழியும் இசையும் ஓவியமும் கல்லறைகளும்தான் நாடாக இருந்தன. ஆஸ்திரியப் பகுதியில் 1860களிலிருந்து ஓரளவு தன்னாட்சி கிடைத்ததால், மற்ற இரு பகுதிகளில் தடுக்கப்பட்டதைக் கிராக்கோவில் செய்ய முடிந்தது. யான் மாதேய்க்கோ வரலாற்றைப் பெரும் ஓவியங்களாக வரைந்தார். பாரிசுக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டிருந்த கவிஞர் ஆடம் மிட்ஸ்கியேவிச்சின் உடலை 1890இல் கொண்டுவந்து வாவெலில் மன்னர்களின் அருகே வைத்தார்கள். வார்சாவின் திருச்சிலுவை தேவாலயத்துத் தூணில் இசையமைப்பாளர் ஷோப்பனின் இதயம் இருப்பதும் இதே காலத்து மனம்தான். 1849இல் அவர் பாரிசில் இறந்தபின் சகோதரி லுத்விகா அதை எல்லை தாண்டி மறைத்துக் கொண்டுவந்தார். இங்கே மரபு என்ற பேச்சு ஏன் இவ்வளவு உணர்ச்சியோடு வருகிறது என்று புதிதாக வந்தவர்கள் வியப்பார்கள். இந்த 123 ஆண்டுகளை அறிந்தால் அந்த வியப்பு நீங்கிவிடும்.

கிராக்கோவில் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துப் பார்க்க நல்ல இடம் புனித மரியாள் தேவாலயக் கோபுரம். ஒவ்வொரு மணிக்கும் தீயணைப்பு வீரர் ஒருவர் மேலேயிருந்து எக்காளம் ஊதுவார். நான்கு திசைக்கும் நான்கு முறை ஊதுவார். ராகம் பாதியில் சட்டென்று அறுந்து நிற்கும். நண்பகலில் ஊதுவதைப் போலந்து வானொலி நேரலையாக ஒலிபரப்புகிறது. 1241இல் மங்கோலியர் வருவதைக் கண்டு எச்சரிக்கை ஊதிய காவலாளியின் தொண்டையில் அம்பு பாய்ந்தது, அதனால்தான் ராகம் பாதியில் நிற்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். 1241இல் மங்கோலியர் நகரை அழித்தது வரலாறு. கோபுரத்தில் காவலாளி ஊதும் வழக்கம் பழமையானது என்பதும் சரி. அம்புக் கதை பழைய ஏடுகளில் இல்லை. அது பரவியது 20ஆம் நூற்றாண்டில். கதை என்று தெரிந்துகொண்டே கேளுங்கள், இன்பத்தில் குறைவு வராது.

கிராக்கோவில் கட்டடம் தப்பியது என்றேன். மக்கள் தப்பவில்லை. காசிமியெஷ் பகுதியின் யூதக் கோயில்கள் நிற்கின்றன. அவற்றைக் கட்டி வாழ்ந்த சமூகம் கொல்லப்பட்டுவிட்டது. போருக்கு முன் போலந்தில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் வாழ்ந்தார்கள், மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர். அவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் அழிக்கப்பட்டார்கள். உங்கள் நண்பரின் உண்மை, செட்டு என்ற பிரிவு இங்கே பொருளற்றுப் போகிறது. வார்சாவின் முரானுஃப் பகுதிக்குப் போனால் இது வேறு விதமாகத் தெரியும். யூதர்களுக்கென்று சுவர் எழுப்பி ஒதுக்கிய கெட்டோ என்ற அடைப்புப் பகுதியில் 4 லட்சத்துக்கும் அதிகமானவர்களை அடைத்தார்கள். 1943 ஏப்ரல் 19இல் தொடங்கிய எழுச்சிக்குப் பின் அப்பகுதியைத் தரைமட்டமாக்கினார்கள். அள்ளி முடியாத அந்த இடிபாட்டின் மேலேயே 1940களின் இறுதியில் குடியிருப்புகளைக் கட்டினார்கள். நடைபாதையிலிருந்து சில படிகள் ஏறித்தான் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். அந்த மேட்டுக்குள் இருப்பது பழைய தெரு. நகரின் பல இடங்களில் கெட்டோச் சுவர் நின்ற தடத்தை இரும்புப் பட்டைகளாக நடைபாதையில் பதித்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் 1940, 1943 என்ற ஆண்டுகள் தெரியும்.

இதோடு சேர்ந்து ஓர் எச்சரிக்கை. அவுஷ்விட்ஸ் போன்றவற்றைப் போலந்து முகாம்கள் என்று சொல்லிவிடாதீர்கள். ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் நாஜி ஜெர்மனி நடத்திய முகாம்கள் அவை. இந்தத் தவறு இங்குள்ளவர்களை ஆழமாகப் புண்படுத்தும், அதில் நியாயமும் இருக்கிறது. அதே நேரம், போலந்துக்காரர்கள் பாதிக்கப்பட்டவர்கள் மட்டுமே என்று சொல்வதும் முழு உண்மையாகாது. 1941 ஜூலையில் யெத்வாப்னே ஊரில் யூதர்களை அண்டை வீட்டுப் போலந்துக்காரர்களே கொன்றார்கள். அரசின் தேசிய நினைவு நிறுவனம் நடத்திய விசாரணை குறைந்தது 340 பேர் என்று கணக்கிட்டது. 2001இல் குடியரசுத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். ஜெர்மானியரின் தூண்டுதல் எவ்வளவு, உண்மையான எண்ணிக்கை எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு இன்றும் உண்டு. புதிதாக வந்தவர் இதில் கேட்பவராக இருப்பதே நல்லது.

கதான்ஸ்க் நகரை வசந்தத்தில் பாருங்கள். இடைக்கால வணிக நகரம். 1939 செப்டம்பர் 1 அன்று இரண்டாம் உலகப் போர் தொடங்கிய வெஸ்டர்பிளாட்டே அதன் துறைமுக வாயிலில்தான் இருக்கிறது. அதன் முக்கிய நகரமும் மறுகட்டுமானம்தான், ஆனால் கட்டியவர்களுடைய தேர்வு அங்கே வெளிப்படையாகத் தெரியும். பிரஷ்ய ஆட்சிக்கால முகப்புகளைத் தவிர்த்துவிட்டு, நகரம் போலந்து அரசரின் கீழ் செழித்த 16, 17ஆம் நூற்றாண்டு நெதர்லாந்து பாணிக்கே பெரும்பாலும் திரும்பிப் போனார்கள். எதை நினைவில் வைப்பது, எதை விடுவது என்பதைச் செங்கல்லில் எழுதிவைத்த இடம் அது. பிறகு கப்பல் கட்டும் தளத்துக்குப் போங்கள். 1980 ஆகஸ்டில் அன்னா வாலென்டினோவிச் என்ற கிரேன் இயக்குநரை வேலையிலிருந்து நீக்கியதால் வெடித்த வேலைநிறுத்தம்தான் சாலிடாரிட்டி என்ற தொழிற்சங்க இயக்கத்தைப் பிறப்பித்தது. 21 கோரிக்கைகளைக் கையால் எழுதி வாயிலில் தொங்கவிட்ட பலகைகளை அங்கேயுள்ள அருங்காட்சியகத்தில் காணலாம். இந்த நாட்டின் மிக உயர்ந்த பாரம்பரியப் பொருள்களில் அந்த ஒட்டுப்பலகைகளையும் சேர்த்தே எண்ணுவேன்.

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோருன், கோப்பர்நிக்கஸ் பிறந்த ஊர், போரில் பெரிதும் சேதமாகாத செங்கல் நகரம், இஞ்சி ரொட்டிக்குப் பேர்போனது. ஒரு நாள் போதும். போஸ்னானில் போலந்து அரசின் தொடக்கத்தைக் காணலாம். வூச் அழகிய ஊர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் 19ஆம் நூற்றாண்டுப் பஞ்சாலைகளையும் ஆலை முதலாளிகளின் மாளிகைகளையும் அருகருகே பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. சாமோஷ்ச் தொலைவு என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஒருவர் 1580 வாக்கில் முழுமையாகத் திட்டமிட்டு எழுப்பிய அந்தச் சிறு நகரத்துக்காக நீண்ட பஸ் பயணத்தைத் தாங்கலாம். போலந்துப் பல்கலைக்கழக மாணவர் அட்டை இருந்தால் 26 வயதுவரை ரயில் டிக்கெட்டில் 51 சதவீதம் சலுகை. பெரும்பாலான அரசு அருங்காட்சியகங்களில் வாரத்தில் ஒரு நாள் நிரந்தரக் கண்காட்சிக்குக் கட்டணம் இல்லை. நாள் இடத்துக்கு இடம் மாறும், முன்கூட்டியே பாருங்கள்.

நீங்கள் அக்டோபரில் வருவது ஒரு விதத்தில் நல்வாய்ப்பு. நவம்பர் 1 புனிதர் அனைவரின் நாள். கடைகள் மூடியிருக்கும், நகரமே கல்லறைத் தோட்டங்களுக்குப் போகும். அங்கே போக ஓர் அழைப்பும் தேவையில்லை. வாயிலில் கண்ணாடிக் குடுவை விளக்குகள் விற்பார்கள், ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இருட்டிய பின் ஒசோபோவித்ஸே கல்லறைத் தோட்டத்தில் ஆயிரக்கணக்கான விளக்குகளிடையே மக்கள் தாழ்ந்த குரலில் பேசியபடி நடப்பார்கள். உறவினர் யாருமில்லாத கல்லறைகளுக்கும் யாராவது ஒரு விளக்கு வைத்துவிட்டுப் போவார்கள். இவ்வூர் ஜெர்மானியர்களின் கல்லறைத் தோட்டங்கள் போருக்குப் பின் அழிக்கப்பட்டன. அவற்றுக்காகக் கிராபிஷின் பூங்காவில் 2008இல் ஒரு நினைவுச் சுவர் எழுப்பினார்கள். பழைய கல்லறைக் கற்களையே அதில் பதித்திருக்கிறார்கள். அன்று மாலை அங்கேயும் போய்வாருங்கள்.

சாப்பாட்டுக்குப் பால் விடுதி என்று பெயர் கொண்ட மலிவு உணவகங்களைத் தேடுங்கள். கம்யூனிச காலத்திலிருந்து தொடர்பவை. தட்டை நாமே எடுத்து நாமே திருப்பித் தர வேண்டும். சைவம் என்றால் ஒரு கவனம்: உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த பியெரோகி சைவம்தான், ஆனால் அதன் மேல் பன்றிக் கொழுப்பு வறுவலைத் தூவித் தருவது வழக்கம். வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள்.

நமக்கும் இந்நாட்டுக்கும் தொடர்பு உண்டா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வாண்டா தினோவ்ஸ்கா என்ற போலந்துப் பெண் 1930களில் இந்தியா வந்து, திருவண்ணாமலையில் ரமணரின் அடியவராகி, உமாதேவி என்ற பெயரில் வாழ்ந்தார். 1944இல் சென்னையில் போலந்து–இந்திய நூலகம் என்ற பதிப்பகத்தை மௌரிசி ஃப்ரிட்மனோடு சேர்ந்து தொடங்கி, இந்திய நூல்களைப் போலந்து மொழியில் வெளியிட்டார். அதே ஆண்டுகளில் சோவியத் நாட்டிலிருந்து தப்பி வந்த போலந்துக் குழந்தைகளுக்கு நவநகர் மன்னர் திக்விஜய்சிங் ஜாம்நகர் அருகே பாலாச்சடியில் இடம் கொடுத்தார். வார்சாவில் நல்ல மகாராஜா சதுக்கம் என்று அவருக்கு ஓர் இடம் உண்டு. முதியவர்களிடம் இந்தியாவிலிருந்து வருகிறேன் என்றால் அவர் பெயரைச் சொல்லிக் கையைப் பற்றிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

பெற்றோருக்கு ஒரு வாரம்தான் என்றால் மூன்று ஊர்களுக்கு மேல் வேண்டாம். வ்ரோத்ஸ்வாஃபில் இரண்டு நாள், கிராக்கோவில் மூன்று, வார்சாவில் இரண்டு. வார்சா நாளை ஆகஸ்ட் 1க்கு அமைக்க முடிந்தால் அமையுங்கள்; எழுச்சி தொடங்கிய மாலை 5 மணிக்குச் சைரன் ஒலி எழும்பும்போது கார்களும் டிராம்களும் நடப்பவர்களும் நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் நிற்பார்கள். கோடை ஞாயிறுகளில் வாஜியென்கி பூங்காவில் ஷோப்பன் சிலையருகே இலவசப் பியானோ கச்சேரி நடக்கும். புல்லில் உட்கார்ந்து கேட்கலாம். கிராக்கோவுக்கு அருகே வியெலிச்ச்கா உப்புச் சுரங்கம், 13ஆம் நூற்றாண்டிலிருந்து உப்பு வெட்டிய இடம். பூமிக்கடியில் நூறு மீட்டர் ஆழத்தில் உப்பையே செதுக்கிச் செய்த ஆலயம் இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். தொடக்கத்திலேயே சுமார் 380 மரப்படிகள் இறங்க வேண்டும், மொத்தம் ஏறத்தாழ 800. மேலே வரும்போதுதான் லிஃப்ட். வலி அதிகமென்றால் விட்டுவிட்டு, அந்த நேரத்தில் வாவெல் குன்றில் நிதானமாக இருங்கள். அவுஷ்விட்ஸுக்கு அவர்களாக விரும்பினால் மட்டும் அழைத்துப் போங்கள், முன்பதிவு கட்டாயம். அதையும் உப்புச் சுரங்கத்தையும் ஒரே நாளில் அடைக்கும் சுற்றுலாப் பொதிகளை வாங்காதீர்கள். அங்கிருந்து திரும்பும் அன்று வேறெதையும் பார்க்கத் தோன்றாது.